வெல்டிங் பிடித்த 12 போர் துவக்கை எப்படிச் சோதிப்பது?

நெடுங்கேணிப் பக்கம் வயல் செய்யும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மாமாவின் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள ஒற்றைக்குழல் 12 போர் துவக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது (போர் என்பது குழல் அளவின் பெயர்). அதன் குழல் வாய்ப்பக்கத்தில் வீங்கிப் பிளந்துவிட்டது. ஊர்ப் பட்டறையில் கொடுத்து நான்கு அங்குலம் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதோடு, மடித்து மூடும்போது குழல் ஆடிக்கொண்டிருந்ததால், அடியிலுள்ள கொளுக்கிக்கு வெல்டிங் பிடித்து அராவி இறுக்கியும் இருக்கிறார்கள். காலபோகப் பயிர் குடலைக்கு வருமுன், துவக்கைப் பாலை மரத்தோடு சேர்த்துக் கட்டி, வெடிமருந்து கூட்டிய தோட்டா போட்டு, தூர நின்று கயிற்றால் விசையை இழுத்துப் பார்த்தால் போதுமா? எத்தனை வெடி வைத்துப் பார்க்க வேண்டும்?

கேள்வி கயிற்றைப் பற்றியும் வெடியின் எண்ணிக்கையைப் பற்றியும் இருந்தாலும், அறிய விரும்புவது வேறொன்று. பன்றி வயலுக்குள் இறங்கும் இரவில், மாமாவின் கன்னத்தோடு ஒட்டியிருக்கும் இந்தத் துவக்கு பிளக்காது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அது. அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கயிற்றுச் சோதனையால் அதைத் தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள் பயப்படும் இடம் வெட்டிய வாய்ப்பக்கம், ஆனால் உண்மையான ஆபத்து கொளுக்கியின் வெல்டிங்கில் இருக்கிறது. அந்த வெல்டிங் இருக்கும்வரை இந்தத் துவக்கில் ஒரு தோட்டாவும் போடக் கூடாது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்கினால், வேறு துவக்குகளைப் பார்க்கும்போதும் உங்களுக்கு அது உதவும்.

துவக்குக் குழலைச் சோதிப்பதென்பது பழைய, ஒழுங்கான ஒரு தொழில். லண்டன் துவக்குத் தொழிலாளர் சங்கத்துக்கு 1637இல் அரச பட்டயம் கிடைத்தது. பர்மிங்ஹாம் நகரத்துக்கு 1813இல் சட்டப்படியான சோதனைக்கூடம் வந்தது. இன்று ஐரோப்பாவின் பல நாடுகள் சி.ஐ.பி. என்ற பொது அமைப்பின் விதிகளின்படி சோதிக்கின்றன. அந்த அமைப்பு 1914இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தொடங்கியது. அங்கே நடப்பதை அறிந்தால், மரத்தில் கட்டி வெடி வைப்பதற்கும் புரூஃப் எனப்படும் இந்தச் சோதனைக்கும் எவ்வளவு தூரம் என்பது தெரியும். முதலில் துவக்கைக் கழற்றிக் கண்ணால் பார்க்கிறார்கள், பிறகு அளக்கிறார்கள். குழலின் உள்விட்டம், தோட்டா அறையின் நீளமும் அகலமும், பின்முகத்துக்கும் (மூடும்போது குழலின் பின்முனை வந்து பொருந்தும் முகம்) குழலுக்கும் இடையிலான இடைவெளி எல்லாம் பதிவாகும். அளவில் தவறினால் வெடிக்கே போகாது, அங்கேயே திருப்பி அனுப்பப்படும். அளவு சரியென்றால், தடித்த சுவருக்கு அப்பால் இருந்து, அதற்கென்றே செய்த தோட்டாக்களால் சுடுகிறார்கள். வழமையான 12 போர் தோட்டாவுக்கு சி.ஐ.பி. அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 740 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). புரூஃப் தோட்டா தருவது 930 பார், அதாவது ஏறத்தாழக் கால் பங்கு அதிகம். கூடிய வலுவுள்ள தோட்டாக்களுக்கென விற்கப்படும் துவக்குகளுக்கு இது 1050 பாரும் 1320 பாரும் ஆகும். சுட்ட பிறகு மறுபடியும் கழற்றி, மறுபடியும் அளந்து, குழல் ஒரு மயிரிழை விரிந்திருந்தாலோ பூட்டு தளர்ந்திருந்தாலோ நிராகரிக்கிறார்கள். எல்லாம் தாண்டியதற்குத்தான் முத்திரை விழும்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, அங்கே கூட்டிய அழுத்தம் எவ்வளவு என்று தெரியும். இரண்டாவது, வெடிக்கு முன்னும் பின்னும் அளவு எடுக்கப்படுகிறது. இந்த இரண்டும் இல்லாத சோதனையில் நீங்கள் அறியக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஒரு வெடியில் துவக்கு துண்டாகவில்லை. அடுத்த வெடியில் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மருந்து கூட்டிய தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வியில் மிக ஆபத்தான பகுதி அதுதான். புகையில்லா மருந்து மூடிய அறைக்குள் எரியும்போது, அழுத்தம் கூடக் கூட அது இன்னும் வேகமாக எரியும். அதனால் மருந்தைக் கால் பங்கு கூட்டினால் அழுத்தமும் கால் பங்குதான் கூடும் என்ற கணக்குப் பிழை. அழுத்தம் அதைவிட அதிகமாக ஏறும், எவ்வளவு என்பது மருந்தின் வகை, மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவிலுள்ள தக்கை, சன்னத்தின் நிறை, ஓரம் மடித்த விதம், வெயில் எல்லாவற்றையும் பொறுத்தது. ஒரு தோட்டாவைப் பிரித்து இன்னொன்றின் மருந்தை அதில் போட்டால், 930 பாரும் வரலாம், அதன் இருமடங்கும் வரலாம். இரண்டையும் அளக்க உங்களிடம் ஒன்றும் இல்லை. துவக்கு பிளந்தால் நல்ல குழலையும் காரணமில்லாமல் கெடுத்ததாக முடியும். பிளக்காவிட்டால் இன்னும் மோசம். உலோகம் தன் எல்லையைத் தாண்டி இழுபட்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறலோடு நிற்கும். அதற்குப் பிறகு சாதாரணத் தோட்டாவிலேயே ஒருநாள் விட்டுவிடும். அப்போது கயிறும் இருக்காது, மரமும் இருக்காது, கையில் பிடித்திருப்பவர்தான் இருப்பார். தோட்டாவைப் பிரித்து நிறைப்பது சட்டப்படியும் வில்லங்கமான வேலை. எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்ய வேண்டாம்.

இனி உங்கள் துவக்கில் செய்த இரண்டு வேலைகளுக்கு வருவோம். வெடி நடக்கும்போது அழுத்தம் எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இவை தாமாகவே பிரியும். அழுத்தத்தின் உச்சம் தோட்டா அறையிலும் அதற்கு முன்னால் ஓரிரு அங்குலத்திலும், ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்தில் வந்துபோகிறது. சன்னம் வாய்க்குப் போய்ச் சேரும்போது உச்சத்தில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். அதனால்தான் குழல் பின்பக்கம் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் மெல்லிசாகவும் செய்யப்படுகிறது. வாயில் நான்கு அங்குலம் வெட்டியதால் பின்பக்கத்தின் பலம் குறையாது. வெட்டு நேராக இருந்து, ஓரம் பிசிறில்லாமல் இருந்தால் வெடிப்பைப் பொறுத்தவரை பெரிய ஆபத்தில்லை. இழந்தது வேறு: ஒடுக்கம், அதாவது சோக், முழுவதும் அந்த நான்கு அங்குலத்தில்தான் இருந்தது. முழுச் சோக் உள்ள குழல் 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஏறத்தாழ 70 வீதச் சன்னத்தைப் போடும். ஒடுக்கமில்லாத குழல் 40 வீதம்தான் போடும். மிச்சம் எங்கே போகும் என்பதை, பக்கத்து வயலில் காவல் கொட்டில் இருப்பவர் யோசிக்க வேண்டும். காயப்பட்டு ஓடும் பன்றியும் அதனால்தான் கூடும். குழலின் நீளம் அனுமதிப்பத்திரத்தில் உள்ள விபரத்தோடு இப்போது ஒத்துப்போகாமலும் இருக்கலாம். அதை மறைக்காமல் மாவட்டச் செயலகத்தில் சொல்லிவிடுவது நல்லது.

வாய்ப்பக்கம் ஏன் பிளந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதைக் கேட்டே ஆக வேண்டும். வாய்ப்பக்கத்தில் அழுத்தம் குறைவு என்று மேலே சொன்னேன், எனவே அங்கே வீங்கிப் பிளந்தால் காரணம் அநேகமாக அடைப்புத்தான். கொட்டிலில் சாத்தி வைத்த துவக்கின் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டுவது வன்னியில் சாதாரணம். வரம்பில் ஊன்றினால் சேறு ஏறும். அதையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது ஈரமேறிய தோட்டா. மருந்து சரியாக எரியாமல் சத்தம் மட்டமாக வந்தால், தக்கை குழலுக்குள்ளேயே நின்றிருக்கும். பன்றி ஓடுகிறதே என்று அடுத்த தோட்டாவைப் போட்டு வெடி வைத்தால், இரண்டாவது சன்னம் அந்தத் தக்கையில் மோதும் இடத்தில் குழல் மோதிரம் போல வீங்கும் அல்லது கிழியும். எனவே சத்தம் குறைந்தால் நிறுத்த வேண்டும். குழலை மடித்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, பின்பக்கத்தால் ஊடாகப் பார்த்த பிறகுதான் அடுத்தது. விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், வாயைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடமாவது காத்திருந்து பிறகுதான் மடிக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு.

இதே வகையில் இன்னொரு விபத்து 20 போர் தோட்டாவால் நடக்கும். 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் நழுவிப் போய் அதன் முன்விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டு வெடி வைத்தால், உள்ளே நிற்கும் தோட்டாவும் சேர்ந்து வெடித்து, இடது கை பிடிக்கும் இடத்திலேயே குழல் திறந்துவிடும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் இதனால் வந்தது. இரண்டு போரும் உள்ள வீட்டில் இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது.

இப்போது கொளுக்கி. குழலை உடலோடு சேர்த்துப் பிடித்துவைப்பது அதுதான். 12 போர் அறையின் உள்விட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர். 740 பார் அழுத்தம் அந்த வட்டத்தின் மீது தள்ளும் விசை ஏறத்தாழ இரண்டரைத் தொன் வரை போகும், புரூஃப் அழுத்தத்தில் மூன்று தொன். அந்த முழுச் சுமையையும் பின்முகமும் கொளுக்கியும் குழல் மடியும் அச்சான பிணைச்சல் முளையும் பூட்டும் பங்கிட்டுத் தாங்குகின்றன. கொளுக்கி குழலோடு சேர்த்து அடித்துச் செய்த ஒரே துண்டாகவோ, பித்தளையால் கவனமாகப் பற்றவைத்ததாகவோ இருக்கும். அதன் மேல் மின் வெல்டிங் பிடித்தால் என்ன நடக்கும் என்பதைப் பட்டறைக்காரர் பலர் அறியார். கேற்றும் உழவு இயந்திரப் பெட்டியும் செய்யும் மென்னிரும்பு இதைத் தாங்கும். துவக்குக் குழலின் உருக்கில் கரி (காபன்) அதிகம், பலவற்றில் குரோமியமும் கலந்திருக்கும். அப்படிப்பட்ட உருக்கை முன்கூட்டிச் சூடாக்காமல் வெல்டிங் பிடித்து, காற்றில் ஆறவிட்டால், வெல்டிங்குக்குப் பக்கத்திலுள்ள விளிம்பு கண்ணாடி போல இறுகி, நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். அதற்கு அப்பால் உள்ள பகுதியோ சூட்டால் மெதுமை அடைந்திருக்கும். பழைய பித்தளைப் பற்று உருகி இடம் விட்டிருக்கவும் கூடும். ஈரமான வெல்டிங் கம்பியிலிருந்து புகுந்த ஐதரசன், மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழிந்த பிறகு உள்ளே கீறலை உண்டாக்கும். இன்று வெடி வைத்துப் பார்த்து நன்றாக நின்ற துவக்கில் அடுத்த கிழமை கீறல் இருக்கலாம் என்பதற்கு இதுவே காரணம். அதுவும் இந்த வெல்டிங் நடந்தது தோட்டா அறைக்கு நேர் கீழே. ஒரு குழலில் கை வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆட்டம் நின்றுவிட்டதே என்று கேட்கலாம். அராவி இறுக்கியதால் நின்றிருக்கிறது. ஆனால் குழல் ஏன் ஆடியது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பிணைச்சல் முளை தேய்ந்திருக்கலாம், கொளுக்கி தேய்ந்திருக்கலாம், குழல் பின்முகத்தை விட்டு விலகியிருக்கலாம், அல்லது முன்பு ஒருமுறை கூடிய அழுத்தம் கண்டிருக்கலாம். நல்ல துவக்குப் பழுதுபார்ப்பவர் முளையை மாற்றுவார், அல்லது கொளுக்கியின் வளைவில் உரிய உலோகத்தைச் சூடு குறைந்த முறையில் ஏற்றிப் பொருத்துவார். எந்த முறையிலும் அதன் பிறகு புரூஃப் சோதனை வேண்டும் என்பதுதான் சோதனைக்கூடம் உள்ள நாடுகளின் நடைமுறை. இலங்கை சி.ஐ.பி. அமைப்பின் உறுப்பு நாடு அல்ல. அதனால் பழுதுபார்த்த துவக்கைக் கொடுத்துச் சட்டப்படி முத்திரை வாங்கிவரும் வழி லண்டனில் இருப்பது போல இங்கே ஒரு விவசாயியின் கைக்கு எட்டாது. இதை ஒத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். சோதிக்க வழியில்லாத இடத்தில், சோதனை தேவைப்படும் வேலையைச் செய்யக் கூடாது.

அப்படியானால் வீட்டில் இருந்துகொண்டு என்னதான் பார்க்கலாம்? கொஞ்சம் பார்க்கலாம். ஆனால் இவை ஒவ்வொன்றும் துவக்கை ஒதுக்கச் சொல்லும் சோதனைகள். ஒன்றிலாவது தேறாவிட்டால் துவக்கு கூடாது என்பது நிச்சயம். எல்லாவற்றிலும் தேறினாலும் அது நல்லது என்பது நிச்சயமில்லை. உங்கள் துவக்குக்கு இவை இனித் தேவையில்லை, வெல்டிங் அதன் தீர்ப்பை எழுதிவிட்டது. வேறு ஒரு பழைய துவக்கை வாங்கவோ பொறுப்பேற்கவோ போகும்போது இவை உதவும்.

தொடங்குமுன் தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். துவக்கை மடித்து அறை வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். முன்மரத்தைக் கழற்றிக் குழலைப் பிரித்தால், அடியில் தட்டையான இடத்தில் முத்திரைகள் தெரியும். ஆங்கிலத் துவக்கென்றால் கிரீடமும் எழுத்துகளும் இருக்கும். கிரீடத்தின் கீழ் என்.பி. என்றிருந்தாலோ, நைட்ரோ புரூஃப் என்று எழுதியிருந்தாலோ புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். லியேஜ் நகரத்தில் சோதித்ததில் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருக்கும். 1954 விதிகளின்படி போட்ட ஆங்கில முத்திரைகளில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை தொன் என்ற கணக்கில் இருக்கும். இரண்டரை அங்குல அறைக்கு 3 தொன், இரண்டேமுக்கால் அங்குலத்துக்கு மூன்றேகால் தொன், மூன்று அங்குலத்துக்கு 4 தொன். முத்திரையே இல்லையென்றால், அல்லது அராவி அழித்திருந்தால், சோதிக்காத துவக்கு என்றே கொள்ள வேண்டும். குழலின் வெளிப்பக்கத்தில் மரவரி போன்ற பின்னல் தெரிந்தால் அது கம்பிகளை முறுக்கிச் செய்த பழைய தமஸ்கஸ் குழலாக இருக்கக்கூடும். இன்றைய தோட்டாவை அதில் போடாதீர்கள்.

முத்திரை ஒன்று சொன்னால் அதுவே போதாது, ஏனென்றால் முத்திரை விழுந்த நாளின் அளவுகள் இன்றும் இருக்க வேண்டும். ஆங்கில முறையில் 12 போர் குழலின் உள்விட்டத்தைப் பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளக்கிறார்கள். பழைய முத்திரையில் 0.729 என்று அங்குலக் கணக்கில் இருந்தால், அங்கிருந்து அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்குக்கு மேல் விரிந்திருந்தால் முத்திரை செல்லாது. 1989இற்குப் பிந்திய மில்லிமீற்றர் முத்திரைகளில் எல்லை 0.2 மில்லிமீற்றர். துருவைப் போக்கவென்று உள்ளே மணல்தாள் சுற்றிக் கடைசலில் ஓட்டிய குழல்கள் இந்த அளவில்தான் விழுகின்றன. பளபளப்பாக இருப்பதால் நல்லது என்று ஏமாறுவோம், ஆனால் சுவரிலிருந்து போன உலோகம் திரும்ப வராது. இந்த அளவுக்கு உள்விட்ட அளவி தேவை. சாதாரண வேர்னியரால் வாயில் மட்டும்தான் அளக்க முடியும், அது பயன்படாது.

தோட்டா அறையின் நீளத்தில்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் பிழை விடுகிறார்கள். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர். இன்று கடையில் கிடைக்கும் தோட்டாவோ பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். தோட்டாவில் எழுதியிருப்பது சுட்டபின் விரிந்த நீளம். சுடுமுன் ஓரம் மடிந்திருப்பதால் 70 மில்லிமீற்றர்த் தோட்டா 65 மில்லிமீற்றர் அறைக்குள் ஒரு தடையுமில்லாமல் போய் உட்காரும், துவக்கும் நன்றாக மூடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் முன்னாலுள்ள ஒடுங்கிய பகுதிக்குள் நெரிபட்டு அழுத்தம் ஏறும். உள்ளே போகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று எண்ணக் கூடாது. 76 மில்லிமீற்றர்த் தோட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பூட்டைப் பார்ப்பது எளிது. முன்மரத்தைக் கழற்றிவிட்டு, குழலைப் பொருத்தி மூடி, பிடங்கை (தோளில் வைக்கும் மரப்பகுதியை) இடுக்கிப் பிடித்துக்கொண்டு குழலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். கையில் தட்டும் ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு சிகரெட் சுற்றும் மெல்லிய தாளைப் பின்முகத்துக்கும் குழலுக்கும் நடுவில் வைத்து மூடி இழுங்கள். தாள் பிடிபட வேண்டும். வழுக்கி வெளியே வந்தால் குழல் பின்முகத்தை விட்டு விலகிவிட்டது. சுட்ட வெற்றுத் தோட்டாக்களும் பேசும்: கேப் (ஊசி குத்தும் நடுக்குமிழ்) வெளியே தள்ளியிருந்தால் இடைவெளி அதிகம், கேப் துளைபட்டிருந்தால் ஊசியில் பிழை, ஊசித் துளையைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் வாயு பின்னால் வருகிறது, அது கண்ணுக்கு நேராக வரும். வெற்றுத் தோட்டா இறுகி, குச்சியால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தால் அறை துருக்குழி விழுந்திருக்கலாம் அல்லது விரிந்திருக்கலாம்.

வீக்கத்தைக் காண, குழலை யன்னலின் மேற்கட்டைக்கு நேரே பிடித்து, உள்ளே விழும் நேர்க்கோட்டு நிழலைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள். நல்ல குழலில் நிழல் உடையாமல் ஓடும். வீங்கிய இடத்தில் கறுத்த வளையமாக முறியும். வெளியே விரல் நுனியால் நீளவாக்கில் தடவினாலும் மேடு தெரியும். வெளியிலிருந்து தட்டிச் சமப்படுத்திய வீக்கம் கண்ணுக்கு மறையலாம், உலோகம் மெலிந்தது மறையாது.

கீறலைக் காண வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் சிவப்புச் சாயச் சோதனைத் தெளிப்பான் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போகக் கழுவி உலரவிட்டு, சாயத்தைத் தெளித்துப் பத்து நிமிடமளவில் விட்டு, துணியால் துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், கீறல் இருந்தால் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். அது இல்லாத இடத்தில் மண்ணெண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் கொண்டு செய்யும் பழைய முறை உண்டு. மண்ணெண்ணெயைப் பூசி ஊறவிட்டு நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூளைப் பூசினால், கீறலில் நின்ற எண்ணெய் தூளைக் கறுக்க வைக்கும். இரண்டு முறையும் மேற்பரப்புக்குத் திறந்த கீறலை மட்டும் காட்டும். வெல்டிங்குக்கு அடியில் மறைந்திருப்பதை இவை காட்டா. உங்கள் கொளுக்கியில் சிவப்புக் கோடு வராவிட்டாலும் நான் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். படம் அனுப்பினாலும் பதில் மாறாது, வெல்டிங்கின் உள்ளே இருப்பது படத்தில் தெரியாது.

கயிறு கட்டி வெடி வைப்பதற்கு இடமே இல்லையா என்றால், ஒரு இடம் உண்டு. அனுமதி பெற்ற பழுதுபார்ப்பவர் ஊசியையோ விசையையோ வில்லையோ மாற்றிய பிறகு, குழலிலும் பூட்டிலும் கை வைக்காத நல்ல துவக்கில், துவக்கு ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க அதைச் செய்யலாம். போடுவது அறைக்கு உரிய நீளமுள்ள, தொழிற்சாலையில் செய்த சாதாரணத் தோட்டாதான், மருந்து கூட்டியதல்ல. துவக்கை மரத்தோடு வரிந்து கட்டினால் பின்னுதைப்புப் போக இடமில்லாமல் பிடங்கின் கழுத்து பிளக்கும். மணல் மூட்டைகளின் மேல் வைத்து, பின்னால் பழைய டயர் கொடுத்தால் பின்வாங்க இடம் இருக்கும். இழுப்பவர் பின்னால் நேர் வரிசையில் நிற்கக் கூடாது, பக்கவாட்டிலும் வெறுமனே நிற்கக் கூடாது. துண்டுகள் போவது அந்தப் பக்கங்களுக்குத்தான், எனவே மண் அணைக்கு அப்பால் இருக்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு வெற்றுத் தோட்டாவைப் பார்த்து, குழலை ஊடாகப் பார்த்து, ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. இதையும் அனுமதிப்பத்திரக்காரர்தான், வெடி வைக்க அனுமதியுள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் துவக்கு வைத்திருப்பதற்கு மட்டுமல்ல, செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். அந்த ஊர்ப் பட்டறைக்கு அந்த அனுமதி இருக்க வாய்ப்பில்லை. பட்டறைக்காரரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவரிடம் மறுபடி கொடுத்து இன்னும் கொஞ்சம் சரிசெய்வோம் என்று போகாமல் இருக்கவே எழுதுகிறேன். அனுமதிப்பத்திரம் மாமாவின் பெயரில் இருக்கிறது, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியதும் அவர்தான். காவலுக்கு மருமகன் எடுத்துப்போனால் அது வேறு வழக்காகிவிடும். துவக்கு பழுதானதை எழுத்தில் மாவட்டச் செயலகத்துக்குத் தெரிவித்து, அனுமதி பெற்ற வியாபாரி ஒருவரிடம் அவர்கள் சொல்லும் ஒழுங்கில் கொண்டுபோய்க் காட்டி, இதே அனுமதிப்பத்திரத்தில் வேறு துவக்கை மாற்றிக்கொள்ள விண்ணப்பிப்பதுதான் நேரான வழி. பழைய குழல் வெல்டிங்கோடு வீட்டில் கிடக்க விடாதீர்கள். அதன் கதை தெரியாத ஒருவர் ஒருநாள் அதில் தோட்டா போடுவார்.

இதே பதிலை வாசிக்கும் சிலர் ஊரில் குழாயால் செய்யும் இடியன் துவக்கைப் பற்றியும், மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும்படி வழியில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கைப் பற்றியும் கேட்க நினைப்பார்கள். தண்ணீர்க் குழாயிலும் வாகனத்தின் ஸ்டியரிங் குழாயிலும் செய்த துவக்கைப் பாதுகாப்பாகச் சோதிக்கும் முறை கிடையாது. நீளவாக்கில் ஒட்டுப்போட்ட குழாய் இந்த அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டதல்ல, எந்த வெடியில் ஒட்டு விடும் என்பதை எந்த அளவியும் சொல்லாது. கட்டுத்துவக்கு பன்றியையும் விறகுக்குப் போகிறவரையும் பிரித்தறியாது. தேனெடுக்கப் போனவர், மாடு தேடிப் போன பிள்ளை, காவலுக்குப் போன கட்டியவரே என்று அதில் கால் இழந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். காணி துப்புரவாக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து துவக்கோ தோட்டாவோ கிடைத்தால், துருவைத் தட்டிப் பார்க்கவும் வேண்டாம், எடுத்து வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு, வந்த காலடியிலேயே திரும்பிப்போய்க் கிராம அலுவலரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள். பக்கத்தில் வேறு வெடிபொருளும் இருக்கக்கூடும்.

இந்தப் போகத்துக்கு என்ன செய்வது என்பது மிஞ்சுகிறது. துவக்கு மாற்றிக் கிடைக்கும்வரை, பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து முறைக்காவல் போடுவதும், வெளிச்சமும் தகரச் சத்தமும், கதிர் முற்றும் கிழமைகளில் இரவு முழுக்க ஆள் மாறி நிற்பதும்தான் வழி. யானை வரும் பக்கமென்றால் வனசீவராசிகள் திணைக்களத்திடம் யானை வெடி கேட்டு வாங்கலாம். அதையும் கையில் பிடித்துக்கொண்டு கொளுத்தாமல், நிலத்தில் வைத்துக் கொளுத்திவிட்டு விலக வேண்டும். பன்றிக்கு வரம்போரம் முள்வேலியை அடியில் இடைவெளி இல்லாமல் இறுக்கினால் பெரும்பாலும் வேறு வயலைத் தேடும், அதனால்தான் வேலியை வயல்வெளி முழுவதற்கும் ஒன்றாகப் போட வேண்டும். வேலிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் வந்தால், அதை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.